கரகரக்கும் கிதார் வால்யூம்: சுத்தம் செய்வதா, மாற்றுவதா?

மின் கிதாரின் வால்யூம் குமிழைத் திருகும்போது ஆம்ப்ளிஃபயரில் கரகரவென்று இரைச்சல் எழுந்தால், குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (மின்தடையை மாற்றி ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) கரித்தடத்தில் தூசு படிந்திருக்கலாம். அல்லது அத்தடமே தேய்ந்துபோயிருக்கலாம்.

தூசுதான் என்றால் கான்டாக்ட் கிளீனரே (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) போதும். கம்பிகள் பற்றவைத்த கால்களுக்கு மேலுள்ள சிறு இடைவெளியில் ஒருமுறை பீச்சிவிட்டு, குமிழை இருபது முப்பது தடவை முழுவதுமாகத் திருகினால் வேலை முடிந்தது. சில வாரங்களிலேயே இரைச்சல் திரும்பினாலோ, குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒலி அறுந்துபோனாலோ, மீண்டும் பீச்சுவது வீண் என்பதே என் கருத்து.

பொட்டென்ஷியோமீட்டரை மாற்றுவதற்குச் சால்டரிங் அயர்னோடு பொறுமையும் வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற சிங்கிள் காயில் கிதார்களுக்கு (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருள் உள்ளவை) 250 கிலோ ஓம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிதார்களுக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். ஹம்பக்கருக்குக் குறைந்த மதிப்புள்ளதைப் போட்டால் ஒலியின் கூர்மை சற்று மங்கும். வால்யூமுக்கு ஆடியோ டேப்பர் வகையையே (காது உணரும் விதத்துக்கேற்ப மின்தடை மாறுவது) பலரும் விரும்புகிறார்கள், ஏனெனில் திருகும் அளவுக்கு நேராக மின்தடை மாறும் லீனியர் வகையில் ஒலி கடைசித் திருகலில்தான் சட்டென்று இறங்குவதாகக் காதுக்குத் தோன்றும். விலை குறைந்த கிதார்கள் பலவற்றில் அதைப் பொருத்தும் துளை சிறியது என்பதால், 3/8 அங்குலக் கழுத்து (துளைக்குள் நுழையும் மரையுள்ள பகுதி) உள்ளதை வாங்குமுன் அளந்து பார்ப்பது நல்லது (துளையைப் பெரிதாக்கப் போய் பெயின்டைப் பெயர்த்தவர்கள் உண்டு). பழையதன் முதுகில் பற்றவைத்திருந்த எர்த் கம்பியைப் புதியதில் சேர்க்க மறந்தால், கரகரப்பு போய் ஓயாத ரீங்காரம் வந்து சேரும்.