கல்லாவில் உட்கார்ந்து பார்த்த பேங்க் கார்டு

எங்கள் சாப்பாட்டுக் கடை மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் இருக்கிறது. கல்லாவில் நான். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பர்ஸில் இரண்டு கார்டு: ஊரில் எடுத்தது ஒன்று, சம்பளத்துக்காக இங்கே எடுத்த டெபிட் கார்டு ஒன்று. இப்போது எழுதுவது இந்த இரண்டாவதைப் பற்றி. பேங்க் பெயர் வேண்டாம். இந்த நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா போடும் விதி எல்லாருக்கும் பொதுதான், எந்த பேங்க்கில் எடுத்தாலும் கார்டு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

முதலில் பிடித்தது பின் நம்பர். இங்கே ஆறு இலக்கம், ஊர்க் கார்டில் நாலுதான். 2017 ஜூலையிலிருந்து கடைகளில் கையெழுத்துக்குப் பதில் பின்தான். அதனால் நாள் முழுக்க ஆட்கள் என் எதிரில் நின்று நம்பர் அடிக்கிறார்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான். ஆனால் ஆறு இலக்கத்தில் ஒரு வம்பு உண்டு: பிறந்த தேதி அதில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். இந்த நாட்டு ஐசி (அடையாள அட்டை) நம்பரின் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதிதான், வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில். ஐசியும் கார்டும் ஒரே பர்ஸில் இருந்தால், எடுத்தவனுக்கு நாமே நம்பரை எழுதிக் கொடுத்த மாதிரி. நம்மைப் போல பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

தோட்டத்தில் சம்பளம் ஏழாம் தேதிக்குள் ஏறிவிடும். அந்த வாரம் கடையில் கூட்டம். ஒரு பாட்டி, தோசை சாப்பிட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து கார்டை எடுத்தார். பின்பக்கம் துண்டுக் காகிதம், செலோடேப் போட்டு ஒட்டியது, பால்பாயிண்ட் பேனாவில் ஆறு எண். "கண்ணு சரியா தெரியல தம்பி, நீயே அடிச்சிரு." நான் மெஷினை அவர் கையில் கொடுத்து, நடுவில் இருக்கும் அஞ்சைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அதன் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், அங்கிருந்து மற்ற எண்களைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். மெதுவாக அடித்தார், பில் வந்தது. காகிதத்தைப் பிய்க்க மட்டும் மனசு வரவில்லை. "மறந்துட்டா என்னா செய்யறது?" என்றார். சாமி படத்துக்குப் பின்னால் வையுங்கள், கார்டுக்குப் பின்னால் வேண்டாம் என்றேன். சிரித்தார். செய்தாரா, தெரியாது. சிலர் கார்டையும் நம்பரையும் வட்டிக்காரரிடமே அடகு மாதிரி கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு எந்த பேங்க்கும் பூட்டு செய்ய முடியாது.

சரி, கார்டுக்கு வருவோம். தொட்டுவிட்டுப் போகிற வசதியில் 250 ரிங்கிட் வரைக்கும் பின் கேட்காது. கார்டு தொலைந்தால் எடுத்தவன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நான் ஆப்பில் அந்த அளவைக் குறைத்து வைத்திருக்கிறேன். கார்டைத் தற்காலிகமாக முடக்கும் பொத்தானும் உண்டு. கணக்கு முழுவதையும் அடைக்க இன்னொன்று இருக்கிறது, அதை அழுத்தினால் திரும்பத் திறப்பது எளிதல்ல. மோசடி என்று தெரிந்தால் பேங்க்குக்கோ, மோசடிப் புகாருக்கான 997க்கோ உடனே அடிக்க வேண்டும். யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது, பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

குறை என்றால், எல்லாமே ஒரு ஹேண்ட்போனில் கட்டிக் கிடக்கிறது. புது போன் மாற்றியபோது, ஆப்பில் ஒப்புதல் கொடுக்கும் வசதி 12 மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்தது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாள் அது, நன்றாகத் திட்டினேன். ஆனால் காரணம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்சப்பில் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல், வரும். அமுக்கி இன்ஸ்டால் செய்தால், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை அது திருடிவிடும். அதனால்தான் 2022இல் பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஓடிபியை விடுங்கள், ஒரு ஆளுக்கு ஒரு போன் போதும், புதுப் பதிவுக்குக் காத்திருப்பு வையுங்கள் என்று சொன்னது. திருடன் தன் போனில் பதிந்தாலும் அந்த 12 மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் நமக்குத் தெரிந்துவிட்டால் தப்பித்தோம்.

ஊர்க் கார்டு இந்த விஷயத்தில் கொஞ்சம் பின்தங்கல்தான். ஓடிபி ஊர் சிம்முக்குத்தான் போகிறது, அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஒரு நல்லது: 2020இலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்கலாம், மூடலாம். நான் மூடியே வைத்திருக்கிறேன். கார்டின் பின்னால் இருக்கும் 1800 நம்பர் இங்கிருந்து பெரும்பாலும் போகாது. +91இல் தொடங்கும் நம்பரைக் கேட்டு வாங்கி, தனியாக எழுதி வைப்பது நல்லது.

நம்ம பையன்கள் பலரும் ஊர்க் கார்டை அப்பாவிடமோ வீட்டுக்காரியிடமோ பின் நம்பரோடு கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். பணம் திருடு போனதை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 விதி சொல்கிறதே என்பார்கள். அது நம்மேலும் பேங்க்மேலும் தப்பில்லாத திருட்டுக்கு. நம்பரை நாமே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போன பணம் நம்முடையதுதான். அவர்கள் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து அதில் போடுவதுதான் சரி.

இங்கே வேலை முடிந்து ஊர் திரும்பும்போது "உன் கார்டை வச்சிட்டுப் போ, காசு தரேன்" என்று கேட்க ஆள் வரும். அப்படிப் போகும் கணக்கு மோசடிப் பணம் ஓடும் வாய்க்கால் ஆகிவிடும், மாட்டுவது நம் பெயர். அடுத்தவர் கார்டை வைத்திருப்பதற்கும், நம் கணக்கை விட்டுக் கொடுப்பதற்கும் 2024இல் இந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகளே சேர்த்துவிட்டார்கள். கணக்கை மூடிவிட்டுக் கிளம்புங்கள். பாஸ்போர்ட்டும் கார்டும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போனால் போதும். ஏழாம் தேதி பக்கம் மட்டும் போகாதீர்கள், வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும்.