குக்னா யாரு: ஜேம்ஸா, அலஸ்டரா?

ரெண்டு பேருமே கேப்டன், அதான் குழப்பமே. ஜேம்ஸ் குக் 1728ல பொறந்த கப்பல்காரர், சூரியனுக்கு முன்னாடி வெள்ளி கிரகம் கடந்து போறத பாக்க 1769ல டஹிட்டி போயி, அப்டியே நியூசிலாந்த சுத்தி மேப் போட்டு, 1770ல ஆஸ்திரேலியா கிழக்கு கரைக்கு வந்து சேந்தாரு. அங்க ஒரு ராத்திரி எண்டெவர் கப்பல் பவளப்பாறைல ஏறி மாட்டிக்கிச்சு, வெயிட்ட கொறைக்க ஆறு பீரங்கிய கடல்ல தூக்கி போட்டாங்க, கப்பல் அடில விழுந்த ஓட்டைலயே ஒரு பவளத்துண்டு சிக்கி அடைச்சுக்கிட்டதால தான் தப்பிச்சாங்க. அந்த பீரங்கிங்கள 1969ல தான் வெளிய எடுத்தாங்க!

இங்கிலாந்து கிரிக்கெட் பேட்ஸ்மேன் அலஸ்டர் குக்குக்கு இந்த மாதிரி சாகசம்லாம் கெடையாது, நின்னு நின்னு ஆடுறதே வேலை. 2006 நாக்பூர்ல முதல் டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸ்ல இருந்து அவசரமா வரவழைச்சாங்க, வந்து 60, அப்புறம் அவுட்டே ஆகாம 104. மொத்தம் 161 டெஸ்ட், 12,472 ரன். 2012ல நம்மள நம்ம ஊர்லயே 2-1னு தோக்கடிச்ச கேப்டனும் இவரு தான், அந்த கடுப்பு எனக்கு இன்னும் இருக்கு.

பேரு வாங்குனதுல ஜேம்ஸ் தான் டாப்பு, குக் தீவுகள், குக் நீரிணை, மவுண்ட் குக்னு வரிசையா இருக்கு. ஆனா முடிவுன்னு பாத்தா அலஸ்டர் தான் கொடுத்து வச்சவரு, 2018ல லண்டன் ஓவல் மைதானத்துல கடைசி இன்னிங்ஸ்ல 147 அடிச்சுட்டு கெளம்புனாரு. ஜேம்ஸ், படகு திருடு போச்சுன்னு ஹவாய் ராஜாவையே பிணையா புடிக்க போயி, 1779ல அங்கயே கடற்கரைல குத்துப்பட்டு செத்தாரு.