ஒரு நாள் சிதம்பரம் டூர் என்று விளம்பரம் வந்தால் பணம் போடாதீர்கள். 14,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்

நாங்கள் சேலம் அம்மாப்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் பதினோரு பேர் குளித்துத் தலைவாரி, பையும் தண்ணீர் கேனுமாக வாசலில் நின்றோம். வேன் வரவில்லை. இன்று செவ்வாய். 14,500 ரூபாய் போய்விட்டது. கோபம் இன்னும் தணியவில்லை, முன்னுக்குப் பின் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

இந்தப் பயணமே மாமனாருக்காகத்தான். அவர் 1971-லிருந்து 74 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். 1929-ல் ஆரம்பித்த பல்கலைக்கழகம் என்று பேரன் பேத்திகளிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். ஊர்ப் பக்கமிருந்து போய் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டால் அண்ணாமலை நகர், சாஸ்திரி ஹால், ஹாஸ்டல் என்று வழி சொல்லிக்கொண்டே இருப்பார். வேலை கிடைத்து சேலம் வந்ததோடு சரி, அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது முட்டி வலி வேறு. பஸ் மாறி மாறிப் போக முடியாது. இந்த வருஷம் கூட்டிப்போய்விட வேண்டும் என்று சீட்டு எடுத்த பணத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். ஒரு ஜாக்கெட்டுக்கு என்ன கூலி வரும் என்று தெரிந்தவர்களுக்கு 14,500 எவ்வளவு என்று புரியும்.

எல்லோரும் வீடியோ பார்க்கிற ஒரு ஆப்பில்தான் விளம்பரம் வந்தது. ‘சேலத்திலிருந்து ஒரு நாள் சிதம்பரம், பிச்சாவரம். ஏசி வேன், தரிசனம், படகு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,000.’ கீழே நம்பர். கூப்பிட்டேன்.

நான் கவனமில்லாமல் ஏமாறவில்லை. நிறையக் கேள்வி கேட்டேன். அவன் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான், அதில்தான் விழுந்தேன். ஏழு மணிக்குக் கிளம்பலாமா தம்பி என்று நான்தான் கேட்டேன். “வேண்டாங்க்கா, மதியம் பன்னெண்டு மணிவாக்குல நடை சாத்திடுவாங்க, அப்புறம் சாயங்காலம்தான். நாலு மணிக்குக் கிளம்பினா ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியா ஒம்பதுக்கெல்லாம் கோயில்ல இருக்கலாம்” என்றான். கோபுர வாசலில் 108 கரணச் சிற்பம் இருக்கிறது, குழந்தைகளுக்குக் காட்டுங்கள் என்றான். ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேர்த்துக் கும்பிடலாம் என்றான். மதியம் கத்திரிக்காய் கொத்சு கிடைக்கிற மெஸ் தெரியும் என்றான். பிச்சாவரத்தில் மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுத்தால்தான் அலையாத்திக் காட்டுக்குள் சின்னச் சின்ன வாய்க்காலில் எல்லாம் நுழைய முடியும் என்றான். எல்லாமே உண்மை! இவ்வளவு தெரிந்தவன் திருடனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பத்து நிமிஷத்தில் போனில் பார்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாமா படித்த காலேஜ் என்று சொன்னதும் குரலே மாறிவிட்டது. “அப்பாவுக்காகவாங்க்கா? அப்போ யுனிவர்சிட்டிக்கு ஒரு மணி நேரம் சேர்த்துப் போட்டுடறேன். அதுக்குக் காசு வேண்டாம்.” நான் அப்படியே உருகிப்போனேன், போங்கள்.

மொத்தம் 22,000. முதலில் 5,000 அனுப்பினேன். அடுத்த நாள் சிறப்பு தரிசன டிக்கெட்டும் படகும் புக் பண்ண 9,500 கேட்டான். மீதி 7,500 திரும்பி வந்து இறங்கிய பிறகு கொடுத்தால் போதும் என்றான். கடைசியில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று என் வீட்டுக்காரரே சொன்னார். பணம் அனுப்பும்போது திரையில் அவன் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. விரலை எடுத்துவிட்டு அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அது எங்க ஓனரம்மா பேருங்க்கா, ஜிஎஸ்டி கணக்கு அவங்க பேர்லதான்.” சரி என்று பின் நம்பரைப் போட்டேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி டிக்கெட் என்று ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே அரசு கோபுர முத்திரை, இந்து சமய அறநிலையத்துறை என்று பெரிய எழுத்து. அதை நம்பி இரண்டு மணிக்கு எழுந்து இரண்டு படி அரிசிக்குப் புளிசாதம் கிளறினேன்.

நாலேகாலுக்கு, “டிரைவர் வாழப்பாடி தாண்டிட்டான்க்கா.” அஞ்சு மணிக்கு, “அயோத்தியாப்பட்டணத்துக்கிட்ட பஞ்சர்க்கா.” அயோத்தியாப்பட்டணம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேனும் இல்லை, பஞ்சரும் இல்லை. ஆறு மணிக்கு, “வேற வண்டி அனுப்பறேன்.” ஏழு மணிக்குப் போன் சுவிட்ச் ஆஃப்.

மாமா அதுவரை வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் பிளாஸ்டிக் கவர் போட்டு ஒரு பழைய போட்டோ, ஹாஸ்டல் வாசலில் மூன்று பையன்கள் பெல்பாட்டம் போட்டு நிற்பது. எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “விடு கண்ணு, அங்க எல்லாத்தையும் இடிச்சு வேற கட்டியிருப்பான்” என்றார். அன்றைக்கு மூன்று வேளையும் புளிசாதம்தான். யாரும் யார் முகத்தையும் பார்த்துச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை தம்பி போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தான். என் குரல் கேட்டதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். சாயங்காலம் அவனே மெசேஜ் போட்டான், கேன்சல் செய்தது நீங்கள், அதனால் பாதிதான் வரும், அதுவும் ஏழு வேலை நாள் ஆகும் என்று. நான் கேன்சல் செய்தேனாம்! அடுத்த மெசேஜ், ரீஃபண்ட் அனுப்ப 1,450 ரூபாய் சார்ஜ், உடனே போடுங்கள். என்ன தைரியம் பாருங்கள். அதன் பிறகு பிளாக்.

வங்கியில், “நீங்களேதானே மேடம் பின் நம்பர் போட்டீங்க” என்றார்கள். ஆப்பில் புகார் கொடுத்தேன், விதிமீறல் எதுவும் இல்லை என்று அரை மணி நேரத்தில் பதில். ஸ்டேஷனில் ஒருவர், “14,500தானா? நேத்து ஒருத்தர் நாலு லட்சம் விட்டுட்டு வந்தார்” என்றார். அவருக்கு அது ஆறுதல் வார்த்தை போலிருக்கிறது. இணைய வழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிவு செய்து எண் வாங்கி வைத்திருக்கிறேன். அதை ஞாயிறு காலையே செய்திருக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க அவன் போனை எடுப்பான் என்று காத்திருந்துவிட்டேன்.

சட்டம் படிக்கிற நாத்தனார் மகள் அந்தப் பிடிஎஃபைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “அத்தை, அந்தக் கோயில் அறநிலையத்துறைகிட்டயே இல்லை. நிர்வாகம் தீட்சிதர்களுக்குத்தான்னு 2014-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. அப்புறம் இந்த டிக்கெட்டை யார் அடிச்சா?” கோயிலைப் பற்றி அவன் சொன்னதில் பொய் இது ஒன்றுதான், அதுவும் எழுத்தில் என் கையிலேயே இருந்தது. வேன் போட்டோவில் இருந்த டிஎன் 54 நம்பரையும் அவள்தான் வண்டி விவரம் காட்டுகிற எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போட்டுப் பார்த்தாள். ஸ்கூட்டர் என்று வந்தது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் எங்கே என்று கேட்டு நேரில் போய் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். திரையில் வேறு பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். பிச்சாவரம் படகுத்துறையை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போனது தெரிந்த உடனே 1930. அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் மகள் போனைக் காட்டினாள். அதே வேன் போட்டோ, வேறு பெயர், வேறு நம்பர், இப்போது தலைக்கு 1,800. சும்மா ஒரு வணக்கம் போட்டுப் பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“வணக்கங்க்கா. எத்தனை பேருங்க்கா?”