டிரவுட் மீனுக்கான 48 ஃப்ளை கொண்ட பெட்டி: நாகர்கோவிலில் வாங்கிப் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

நாகர்கோவில் வடசேரியில் தூண்டில் சாமான்கள் விற்கும் ஒரு சிறிய கடையில், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் போகிற பெரிய தூண்டில் முட்கள், ஈயக்குண்டுகள், தங்கூசிச் சுருள்கள் ஆகியவற்றுக்கு நடுவே, டிரவுட் மீனுக்கான ஃப்ளைப் பெட்டி ஒன்று சில காலமாக விற்பனைக்கு இருக்கிறது. சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே முள்ளில் நூலும் இறகும் மயிரும் கட்டிய 48 பொய் இரைகள். இவற்றைத்தான் ஃப்ளை என்கிறார்கள். விலை 900 ரூபாய். உறையில் நிறுவனத்தின் பெயரோ தயாரான நாட்டின் பெயரோ அச்சிடப்படவில்லை.

டிரவுட் நம் மாவட்டத்து மீன் அன்று. அது குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இரையெடுப்பதைக் குறைத்துக்கொண்டு தவிக்கத் தொடங்கும், 25 டிகிரியை ஒட்டிய நீரில் நெடுநேரம் உயிர் தரிக்காது. பேச்சிப்பாறையிலோ பெருஞ்சாணியிலோ அதற்கு இடமே இல்லை. ஆயினும் நீலகிரிக்கும் மூணாற்றுக்கும் போகிறவர்களும், நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களும் இந்தப் பெட்டியை வாங்கிச் செல்வதாகக் கடைக்காரர் சொன்னார். அப்படி வாங்கக்கூடியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பவற்றை வகை பிரித்தால் கணக்கு இவ்வாறு வருகிறது: நீரின் மேல் மிதக்கும் டிரை ஃப்ளைகள் 24, நீர்ப்பூச்சியின் இளம் பருவத்தைப் போல நீருக்குள் இறங்கும் நிம்ஃப்கள் 8, நீரில் மூழ்கும் பழைய பாணி வெட் ஃப்ளைகள் 6, சிறு மீனைப் போல நீந்தும் ஸ்ட்ரீமர்கள் 6, எறும்பும் வெட்டுக்கிளியுமாக 4. பார்வைக்கு மிக அழகான பெட்டி. ஆனால் இந்தப் பங்கீட்டில்தான் அதன் பெரிய குறை இருக்கிறது. டிரவுட் என்ன தின்கிறது என்பதை அறிந்த ஒருவர் இந்தக் கணக்கைக் கிட்டத்தட்டத் தலைகீழாக வைத்திருப்பார்.

ஓடையில் வாழும் காட்டு டிரவுட் அலைந்து திரிந்து இரை தேடுவதைவிட, ஒரு கல்லின் பின்னாலோ நீரோட்டத்தின் ஓரத்திலோ நின்றுகொண்டு, ஓட்டம் கொண்டுவருவதை எடுத்துக்கொள்வதையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஓட்டத்தை எதிர்த்து நீந்தச் செலவாகும் வலுவைவிடக் கிடைக்கும் இரை கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், நல்ல இடத்தைப் பெரிய மீன் பிடித்துக்கொள்கிறது, சிறியவை ஒதுங்குகின்றன. அந்த ஓட்டத்தில் வருபவை பெரும்பாலும் நீர்ப்பூச்சிகளின் இளம் பருவங்கள்: மேஃப்ளை நிம்ஃப்கள், ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப்கள், கேடிஸ் புழுக்கள், கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத மிட்ஜ் பூச்சிகளின் புழுக்கள். இவை கல்லிடுக்கிலிருந்து பிடி நழுவி நீரோடு போவது பகலைவிட அந்தி சாய்ந்த பிறகு மிகுதி. மாலை மங்கும் நேரத்தில் டிரவுட் சுறுசுறுப்படைவதற்கு இதுவும் ஒரு காரணம். நீர் மேற்பரப்பில் வாய் திறந்து வட்டம் எழுப்பும் காட்சி கண்ணில் படுவதால் மிதக்கும் பூச்சிதான் அதன் உணவு என்று தோன்றுகிறது. உண்மையில் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

மேஃப்ளையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி, இனத்தைப் பொறுத்துப் பல மாதங்களோ ஓராண்டோ, நீருக்கடியில் நிம்ஃபாகக் கழிகிறது. சிறகு முளைத்த பிறகு மீண்டும் ஒருமுறை தோலுரிப்பது பூச்சிகளில் அதற்கு மட்டுமே உள்ள இயல்பு. வளர்ந்த மேஃப்ளைக்கு உண்ணும் வாய் இல்லை. இனப்பெருக்கம் முடித்து ஓரிரு நாளில், சில இனங்களில் சில மணி நேரத்தில், மடிந்துவிடுகிறது. ஆக, மிதக்கும் ஃப்ளை பயன்படுவது அந்தக் குறுகிய வேளையில்தான். அந்த வேளை வாய்த்தால் அதைவிட மகிழ்ச்சியான மீன்பிடி வேறில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 48-இல் 24 என்பது அந்த வேளைக்குக் கொடுக்கும் அளவற்ற இடம்.

அந்த 24-இன் தரமும் சீராக இல்லை. நல்ல டிரை ஃப்ளைக்குச் சேவலின் விறைப்பான கழுத்து இறகு வேண்டும். அந்த இறகின் நுனிகள்தான் நீர்ப்பரப்பை அழுத்தாமல் ஃப்ளையைத் தாங்கி நிறுத்துகின்றன. இங்கே பாதிக்கு மேற்பட்டவற்றில் மென்மையான இறகு கட்டப்பட்டிருப்பதால், வாளி நீரில் இட்டுப் பார்த்தபோது அவை சிறிது நேரத்திலேயே நனைந்து சாய்ந்து மூழ்கின. மிதப்பதற்கான மெழுகைத் தடவினால் ஓரளவு தாங்குகின்றன. 16-ஆம் எண் முள்ளில் கட்டிய சாம்பல் நிற ஃப்ளைகள் மட்டும் விதிவிலக்கு. அவை நேர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. (முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறிதாகும் என்பதைக் கடல் தூண்டிலில் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

நிம்ஃப்கள் எட்டுதான் என்றாலும் பெட்டியின் மதிப்பு அவற்றில்தான் இருக்கிறது. அவற்றில் நான்கு, ஃபெசன்ட் பறவையின் வால் இறகையும் செப்புக் கம்பியையும் கொண்டு கட்டியவை. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கிய வடிவம் இது. அவர் நூலே பயன்படுத்தாமல் செப்புக் கம்பியாலேயே இறகைக் கட்டினார், அந்தக் கம்பியின் எடையே ஃப்ளையை நீருக்குள் இறக்கியது. பெட்டியில் உள்ளவற்றில் கம்பியோடு நூலும் கலந்திருக்கிறது. இருந்தும் இறங்கும் வேகம் சரியாகவே இருக்கிறது. மற்ற நான்கின் உடல் மயிற்பீலி இழையால் சுற்றப்பட்டது. நனைந்த பீலி பச்சையும் செம்பும் கலந்து மினுங்குவது உயிருள்ள பூச்சியின் பளபளப்புக்கு மிக அருகில் வருகிறது. உலகெங்கும் ஃப்ளை கட்டுகிறவர்கள் மயிற்பீலியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

நீலகிரியில் உரிய அனுமதியோடு தூண்டில் போட்ட ஓர் ஓடையில், ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட ரெயின்போ டிரவுட் ஒன்று இந்தச் செப்புக் கம்பி நிம்ஃபைத்தான் எடுத்தது. அதைச் சுத்தம் செய்யும்போது இரைப்பையைத் திறந்து, உள்ளிருந்ததை வெள்ளைக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டேன். முதலில் வெறும் கறுப்புக் கூழாகத் தெரிந்தது, நீர் தெளிந்ததும் தனித்தனியாகப் பிரிந்தது: மணலால் ஆன கேடிஸ் கூடுகள், புழு கரைந்துபோய்க் கூடு மட்டும் மிஞ்சியவையும் சில, வால் முறிந்த மேஃப்ளை நிம்ஃப்கள், இரண்டு கறுப்பு எறும்புகள், ஒரு வண்டின் மேற்சிறகு, இன்னும் பச்சையாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. சிறகு விரித்த மேஃப்ளை ஒன்றுகூட அதில் இல்லை. ஒரே ஒரு மீனின் வயிற்றை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் இவ்வகை உணவுப் பட்டியல்தான் ஓடை டிரவுட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரைப்பையைப் பார்த்து ஃப்ளை கட்டும் பழக்கத்தை இங்கிலாந்தில் ஜி. இ. எம். ஸ்கியூஸ் நூறாண்டுகளுக்கு முன்பே வளர்த்தெடுத்தார். அவர் நிம்ஃபுக்காக வாதாடியவர். மிதக்கும் ஃப்ளை மட்டுமே முறையானது என்று, டிரை ஃப்ளை முறையைப் பரப்பிய ஹால்ஃபோர்டின் வழிவந்தவர்கள் வாதிட, நிம்ஃப் பயன்படுத்துவது நெறியா என்பதைப் பற்றி 1884-இல் தொடங்கிய லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் 1938-இல் ஒரு விவாதமே நடந்தது. மீனின் வயிறு ஸ்கியூஸின் பக்கம்தான் இருந்தது.

அந்தக் கூடுகளைப் பார்த்த பிறகு, இந்தப் பெட்டியில் கேடிஸ் புழுவின் வடிவம் ஒன்றுகூட இல்லை என்பது பெருங்குறையாகப் படுகிறது. கேடிஸ் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள நம் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. திற்பரப்புக்கு அருகே கோதையாற்றின் ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில், முழங்கால் நீரில் கிடக்கும் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பார்த்தால் அடியில் அதே குடும்பத்துப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மணல் துகள்களைத் தன் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய கூட்டுக்குள்ளிருந்து ஒரு புழு தலையையும் முன்கால்களையும் நீட்டி நகரும். பக்கத்திலேயே தட்டையான மேஃப்ளை நிம்ஃப் ஒன்று, வயிற்றோரச் செவுள்கள் துடிக்க, கல்லின் மறுபுறம் ஓடி ஒளியும். பார்த்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். ஃப்ளை வாங்க நினைக்கும் எவருக்கும் இந்தக் கால் மணி நேரப் பாடத்தை நான் பரிந்துரைப்பேன். எந்த நிறம், எந்த அளவு, எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கடையில் நான் நின்றிருந்தபோது, முட்டத்திலிருந்து முள் வாங்க வந்த ஒரு முதியவர் இந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மீன் எதத் திங்குதுன்னு பாத்துட்டுல்லா முள்ளக் கெட்டணும் மக்கா” என்றார். டிரவுட்டைக் கண்ணால் கண்டிராத அவருடைய சொல்லைவிடச் சரியான விமர்சனத்தை என்னால் எழுத இயலவில்லை.

எறும்பும் வெட்டுக்கிளியும் நன்றாக வந்திருக்கின்றன. புல் சரிந்த கரையோரத்தில் காற்று வீசும் பகலில் நிலத்துப் பூச்சிகள் நீரில் விழுவது இயல்பு. கரையோரம் நிற்கும் டிரவுட் அவற்றைத் தயங்காமல் எடுக்கும். வெட் ஃப்ளைகள் சுமார். ஸ்ட்ரீமர்கள் ஆரஞ்சும் வெள்ளியுமாக மின்னுகின்றன. வளர்ந்த டிரவுட் சிறு மீன்களையும் தவளைகளையும் தன் இனத்துக் குஞ்சுகளையும்கூடத் தின்னும் என்பதால் ஸ்ட்ரீமர் தேவைதான். ஆனால் இந்த நிறங்கள், பண்ணையில் தீவனக் குருணை தின்று வளர்ந்து நீரில் விடப்பட்ட மீன்களை ஈர்க்கும் அளவுக்கு, ஓடையிலேயே பிறந்து வளர்ந்தவற்றை ஈர்ப்பதில்லை.

முட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லா முட்களிலும் எதிர்முள், அதாவது மீன் நழுவாதபடி நுனிக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர், இருக்கிறது. பிடித்த மீனை உயிரோடு விடுவிக்கும் நீர்களில் பல மீன்பிடிச் சங்கங்கள் எதிர்முள் இல்லாத முள்ளையே அனுமதிக்கின்றன; குறடால் அழுத்தி அதைத் தட்டையாக்கலாம் என்றாலும், இந்தப் பெட்டியின் சிறிய முட்களில் சில அழுத்தும்போதே முறிந்துவிட்டன. துருவும் பிரச்சினைதான். கடற்காற்றில் உப்பு கலந்திருக்கும் நம் ஊரில், ஈரத்தோடு மூடி வைத்த ஃப்ளைகளின் வளைவில் செம்புள்ளிகள் விரைவில் தோன்றிவிடுகின்றன, பெட்டியின் உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்சு ஈரத்தை விடாமல் பிடித்துவைப்பதால். நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகே அடுக்க வேண்டும்.

சங்கங்களின் விதிகளை மதிக்காமல் இந்த மீன்பிடியில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தில் ஹூட்டன் ஃபிஷிங் கிளப் 1822-இலிருந்து டெஸ்ட் ஆற்றின் ஒரு பகுதியைப் பேணிவருகிறது. நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று 1877-இல் ஒரு சங்கம் அமைந்தது. 1879-இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. அவலாஞ்சி டிரவுட் பொரிப்பகம் எச். சி. வில்சனின் முயற்சியால் 1907-இல் உருவானது. இன்று முக்குருத்தி, இரவிகுளம் தேசியப் பூங்காக்களின் நீர்களில் தூண்டில் போட இயலாது. மற்ற இடங்களிலும் அனுமதியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கோதையாற்றின் மேற்பகுதியிலுள்ள முத்துக்குழிவயல் பக்கம் குளிர் இருக்கிறதே, அங்கே டிரவுட் குஞ்சுகளை விட்டால் என்ன என்று கடையில் ஒருவர் ஆர்வத்தோடு கேட்டார். அதை எந்த வகையிலும் செய்யக் கூடாது. டிரவுட் நம் மலைகளின் மீன் அன்று. ரெயின்போ, பிரவுன் ஆகிய இரண்டு டிரவுட் வகைகளுமே உலகின் மிகக் கேடு தரும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. நம் ஓடைகளின் சிறு மீன்களும் தவளைகளும் அதற்கு இரையாகிவிடும். டிரவுட்டை விரும்புகிறவர்கள் அது ஏற்கெனவே நிலைபெற்ற நீரைத் தேடிப் போகலாம். கோதையாற்றின் தலைநீர் அதற்குரியது அன்று.

900 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை முழுதாக வாங்குவதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டில் வசிப்பவர்கள் அந்தந்த ஆற்றின் பூச்சிகளுக்கேற்ற ஃப்ளைகளை அங்கேயே வாங்குவது நல்லது. நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு 14, 16 எண்களில் செப்புக் கம்பி நிம்ஃப் ஆறும், பீலி நிம்ஃப் நான்கும், கறுப்பு எறும்பு இரண்டும், சாம்பல் நிற டிரை ஃப்ளை இரண்டும் இருந்தால் போதும். கடைக்காரர் பொறுமையாகக் கேட்கிறார், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார், முறிந்த முட்களுக்கு மாற்று கொடுத்தார். ஃப்ளைகளைத் தனித்தனியாக ஒன்று 30 ரூபாய் வீதம் தருவித்துத் தரவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் சரக்கு வர நாளாகும் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே முள்ளின் எண்ணையும் ஃப்ளையின் வகையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.