தசைச் சிதைவைக் காட்டிக்கொடுப்பது எது? சிபிகேயும் அதன் போட்டியாளர்களும்

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்துகளுள் ஒன்றான செரிவாஸ்டாட்டின் மாத்திரையை பேயர் நிறுவனம் 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. சிலருக்குத் தசை நார்கள் சிதைந்து, கசிந்த மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கி, உயிரையே பறித்திருந்தது; ஜெம்ஃபைப்ரோசில் என்ற மற்றொரு கொழுப்புக்குறைப்பு மருந்தையும் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு ஆபத்து மிகுதியாக இருந்தது. இத்தகைய சேதத்தை இரத்தத்தில் முன்கூட்டியே கண்டறிய எந்த உயிர்க்குறிப்பான் (உடலின் பாதிப்பைச் சுட்டும் பொருள்) ஏற்றது என்ற கேள்வி இன்னும் முடிந்தபாடில்லை.

நெடுநாளைய விடை, ஆய்வகச் சீட்டுகளில் சிபிகே என்று அச்சாகும் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி. மலிவானது, எங்கும் கிடைப்பது, சேதம் நேர்ந்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி ஒன்றிலிருந்து மூன்று நாளில் உச்சத்தைத் தொடுவது. ஆனால் கடும் உடற்பயிற்சியும், தசையில் போட்ட ஓர் ஊசியும்கூட அதை ஏற்றிவிடும். அதனால்தான் இயல்பு வரம்பின் பத்து மடங்கைத் தாண்டினால் மட்டுமே கடுமையான பாதிப்பு என்று கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஊகத்துக்கே விடப்படுகிறது. தசையிலுள்ள ஏஎஸ்டி என்ற மற்றொரு நொதியோ கல்லீரலிலும் இருப்பதால், தசையின் குற்றத்தைக் கல்லீரல்மேல் சுமத்திவிடும். மயோகுளோபின் விரைவாக ஏறி, சில மணி நேரத்திலேயே மறையத் தொடங்குகிறது. இரத்தம் எடுக்கத் தாமதித்தால் சான்று போயே போய்விடும்.

புதியவற்றுள் நான்கு புரதங்கள் கவனத்துக்குரியவை: எலும்புத்தசை ட்ரோபோனின் ஐ, மயோசின் இலகு சங்கிலி 3, கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம் 3, நொதிச் செயலுக்குப் பதிலாகப் புரத நிறையாக அளக்கப்படும் தசை வகைக் கிரியேட்டின் கைனேஸ். பழைய நொதிகளுக்கு மாற்றாக அல்லாமல் துணையாக இவற்றை ஆராயலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் ஆதரவுக் கடிதம் அளித்தது. அதற்கு அடிப்படையான சான்றுகள் பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தவை. நான்கில் என் தேர்வு ட்ரோபோனினே. மயோசின் சங்கிலியும் கொழுப்பமிலப் புரதமும் இதயத்திலும் உள்ளவை. ட்ரோபோனினின் எலும்புத்தசை வடிவமோ முதிர்ந்த இதயத்தசையில் காணப்படுவதில்லை. மேலும் வேக நாருக்கும் மெது நாருக்கும் அது தனித்தனி வடிவம் கொண்டிருப்பதால், எந்த நார் அடிபட்டது என்பதையும் பிரித்துச் சொல்லும் வாய்ப்பு அதனிடம் இருக்கிறது. ஸ்டேட்டின்கள் எலிகளில் முதலில் வேக நார்களையே தாக்குகின்றன என்பதை நினைத்தால் இது சிறிய நன்மையன்று. குறை ஒன்றுதான்: சாதாரண மருத்துவமனை ஆய்வகத்தில் அதற்கான சோதனை கிடைப்பது அரிது. மரபணுச் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏ துணுக்குகளான மைக்ரோ ஆர்என்ஏக்களுள் தசைக்குரிய 1, 133, 206 ஆகியவையும் நம்பிக்கை தருகின்றன. எனினும் அவற்றை அளக்கும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதால் நோயாளியிடம் கொண்டுசெல்ல இன்னும் காலம் பிடிக்கும்.

மரபணுச் சோதனை வேறு வகையான போட்டியாளர். கல்லீரலுக்குள் ஸ்டேட்டினை ஏற்றும் புரதத்துக்குரிய எஸ்எல்சிஓ1பி1 மரபணுவின் ஒரு மாற்றம் இரு பிரதிகளிலும் இருந்தால், நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்குத் தசைநோய் வாய்ப்பு ஏறக்குறைய 17 மடங்காகிறது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது சொல்வது வரக்கூடிய ஆபத்தை மட்டுமே. இன்று தசை சிதைகிறதா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஆகவே விலங்காய்வுக்கு ட்ரோபோனினைச் சேர்ப்பேன். நோயாளியின் படுக்கையருகில் சிபிகேயைக் கைவிடமாட்டேன், ஆனால் முந்தைய நாள்களில் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்ட பிறகே அதைப் படிப்பேன். மருந்தை நிறுத்திப் பல வாரங்களாகியும் சிபிகே இறங்காவிட்டால், ஸ்டேட்டின்கள் தடுக்கும் எச்எம்ஜிசிஆர் என்ற நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். அப்போது தசையை அழிப்பது மருந்தன்று, அது தூண்டிவிட்ட நோயெதிர்ப்பு.