"காலத்துக்கும் மாற்ற வேண்டாம்" என்று விற்ற ஏர் ஃபில்டர் என் இன்ஜினைத் தின்ற கதை

மண் பாதையிலும் காட்டுப் பாதையிலும் வண்டி ஓட்டுகிறவர்கள், ஏர் ஃபில்டரை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். என் வண்டியின் இன்ஜின் இப்போது ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கிறது. விபத்து எதுவும் நடக்கவில்லை. தண்ணீரில் மூழ்கவில்லை. ஆயில் மாற்றத் தவறியதும் இல்லை. நல்லது என்று நம்பி நான் வாங்கிப் போட்ட ஒரு ஏர் ஃபில்டர், ஒரு வருடத்துக்குள் அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன சொல்லி விற்றார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் அதே பேச்சை வேறு யாரும் உங்களிடம் பேசலாம்.

என்னுடையது 2.5 லிட்டர் டர்போ டீசல், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி. மூன்று வருடம் எந்தத் தொந்தரவும் கொடுக்காத இன்ஜின். ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றியதில்லை. நான் கடைக்குப் போனதே வழக்கமான பேப்பர் ஃபில்டர் ஒன்று வாங்கத்தான்.

"சார், நீங்க புழுதியில ஓட்டுற ஆளு. பேப்பர் ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும், வண்டி மூச்சு விட முடியாம திணறும். இதைப் போடுங்க, காலத்துக்கும் மாத்த வேண்டாம். கழுவி, ஆயில் தடவி, திரும்பப் போட்டா போதும். பிக்கப்பும் ஏறும், மைலேஜும் ஏறும்."

கூம்பு வடிவத்தில், ஆயிலில் நனைத்த பருத்தி வலை ஃபில்டர் அது. அட்டைப் பெட்டியில் மணல்மேட்டில் பாயும் வண்டியின் படம், பெரிய எழுத்தில் "ஆஃப்-ரோடு", பக்கத்தில் "99% வடிகட்டும்". எனக்கு அது போதுமானதாக இருந்தது. எந்தத் தூசியை வைத்துச் சோதித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

அரை மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஃபில்டர் உட்காரும் பெட்டியான, கம்பெனியிலிருந்து வந்த ஏர் பாக்ஸை முழுதாகக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்குப் போகும் குழாயின் வாயில் இந்தக் கூம்பை நேராக மாட்டினார்கள். என் வண்டியில் ஸ்நார்க்கல், அதாவது தண்ணீருக்கு மேலே உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் குழாய், இருக்கிறது. அதன் குழாய் இனி எங்கே சேரும் என்று கேட்டேன். "பக்கத்துலயே விட்டிருக்கோம் சார், காத்து தானா வந்துடும்" என்றார்கள். அதற்குத் தலையாட்டிவிட்டு வந்ததை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. அப்படிப் பொருத்திய பிறகு ஸ்நார்க்கல் எதற்கும் உதவாது. ஓடையில் இறங்கி, பானட்டுக்குள் தண்ணீர் ஏறினால் திறந்த ஃபில்டர் அதையே உறிஞ்சும். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அந்த நிலையில் நான் இரண்டு முறை முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்திருக்கிறேன்.

கழற்றிய அந்த ஏர் பாக்ஸை வெறும் பிளாஸ்டிக் பெட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் வண்டியில் உள்ளதுபோன்ற பாக்ஸில் காற்று சுழன்றபடி நுழையும். கனமான தூசி சுவர்ப் பக்கம் ஒதுங்கி, அடியில் வாத்தின் அலகு போலிருக்கும் ரப்பர் வால்வு வழியாக வெளியே விழுந்துவிடும். ஃபில்டர் தாளைத் தொடுவதற்கு முன்பே ஒரு பங்கு தூசி இப்படிப் போய்விடும். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுப்பதும் அந்தப் பாக்ஸ்தான். திறந்த கூம்போ பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கிறது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு, அதனால் "பிக்கப் ஏறும்" என்ற பேச்சுக்கே அடிப்படை இல்லை. முதல் வாரம் எனக்குப் பிக்கப் கூடியது போலத்தான் இருந்தது. கூடியது சத்தம். பாக்ஸ் இல்லாததால் காற்றை உறிஞ்சும் ஓசையும் டர்போவின் விசிலும் நன்றாகக் கேட்டன, அதை வேகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கடைக்கே கொண்டுபோனேன். காற்றை அளக்கும் சென்சாரில் ஃபில்டரின் ஆயில் படிந்திருக்கிறது, ஆயில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, இது சாதாரணம் என்று சொல்லித் துடைத்துக் கொடுத்தார்கள். அந்த சென்சாரில் சூடான மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதில் ஆயிலும் தூசியும் ஒட்டினால் அளவு தப்பும். அதுவரை அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் ஃபில்டரைத் தாண்டி ஆயில் வருகிறது என்றால் தூசியும் வருகிறதா என்று அவர்களும் பார்க்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்றே பார்த்திருந்தால் இன்ஜின் பிழைத்திருக்கும்.

அதன் பிறகு ஆயில் குறைய ஆரம்பித்தது. முதலில் ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கில் ஒரு கோடு இறங்கியது. பிறகு ஒவ்வொரு பயணம் முடிந்தும் ஊற்ற வேண்டியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று அடித்தது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. ஃபில்டரைக் கழற்றினார், ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயின் உட்புறத்தை ஒரு சுற்றுத் துடைத்தார். துணி செம்மண் நிறத்தில் வந்தது. விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நறநறவென்றது. "தம்பி, இது ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டியது. இந்தப் பக்கம் எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வழியில் வந்திருந்தது. ஒன்று, ஃபில்டரின் கழுத்து என் வண்டியின் குழாயைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றி கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டிருந்தார்கள். அதிர்வில் அந்தப் பட்டை நகர்ந்து, அடிப்பக்கம் ஒரு சிறு பிளவு விழுந்திருந்தது. அந்த இடத்தில் தூசி கோடு போட்ட மாதிரி படிந்திருந்தது. வடிகட்டும் வலைக்குள் நுழைவதைவிடப் பிளவுக்குள் நுழைவது காற்றுக்கு எளிது. உலகத்திலேயே சிறந்த ஃபில்டரானாலும் ஓரத்தில் பிளவு இருந்தால் பயன் இல்லை. இரண்டாவது, அந்தப் பருத்தி வலையே நுண்ணிய தூசியை விட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மடிப்புகளுக்கு நடுவே ஊசி முனை அளவில் ஒளி தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்தின் அளவு கணக்கில்தான் புரிகிறது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 2.5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடினால் ஏறக்குறைய 3,000 லிட்டர், டர்போ அழுத்திக் கொடுக்கும்போது அதைவிட அதிகம். ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 லிட்டர். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்குள் நீங்கள் ஓட்டினால், இத்தனை காற்றும் அந்தப் புழுதியோடுதான் உள்ளே வருகிறது.

99 சதவீதம் வடிகட்டும் ஃபில்டருக்கும் 96 சதவீதம் வடிகட்டும் ஃபில்டருக்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று தோன்றும். வடிகட்டியதைப் பார்க்காதீர்கள், விட்டதைப் பாருங்கள். 100 கிராம் தூசி வந்தால் முதலாவது 1 கிராமை உள்ளே விடும், இரண்டாவது 4 கிராமை விடும். இன்ஜினுக்குள் போகும் தூசி நாலு மடங்கு. ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற முறை இருக்கிறது. அதில் நுண்ணிய துகள் உள்ள பொடித் தூசி, பெரிய துகள் உள்ள பருந்தூசி என்று தனித்தனியாக உண்டு. பருந்தூசியில் சோதித்தால் அதே ஃபில்டர் நல்ல எண்ணைக் காட்டும், பொடியில் சோதித்தால் எண் இறங்கும். எந்தத் தூசி என்று சொல்லாத "99%" என்பதை நம்பக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

மண் தூசியில் குவார்ட்ஸ் என்ற கனிமம் நிறைய இருக்கும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, கண்ணாடியையே கீறும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள ஆயில் படலம் மட்டும். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று புரியும். அந்த இடைவெளிக்குள் நுழைகிற அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத துகள்தான் உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது.

பழைய ஆயிலைச் சோதனைக்கு அனுப்பினோம். சிலிக்கான், அலுமினியம், இரும்பு மூன்றும் ஏறியிருந்தன. சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால் கேஸ்கெட் பசையிலிருந்துகூட வந்திருக்கலாம், மூன்றும் சேர்ந்து ஏறினால் தூசியும் தேய்மானமும்தான் என்று மெக்கானிக் விளக்கினார். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வரும் அழுத்தம், நாலு சிலிண்டரிலும் குறைந்திருந்தது, இரண்டில் மிகவும் மோசம். டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தில் இறகுகளின் ஓரம் அரித்துப்போயிருந்தது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஃபில்டரில் ஆயில் குறைவாக இருந்ததால்தான் தூசி உள்ளே போயிருக்கிறது, பராமரிப்பு சரியில்லை என்றார்கள். நாலு மாதத்துக்கு முன் அதே ஃபில்டரில் ஆயில் அதிகம் என்று அவர்களே சொன்னதை நினைவுபடுத்தினேன். பதில் இல்லை. பிறகு பெட்டிக்குள் இருந்த மடித்த அட்டையை விரித்துக் காட்டினார்கள். பொடி எழுத்தில், கடும் தூசியில் பயன்படுத்துவதால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று இருந்தது. வெளியே மணல்மேட்டின் படம், உள்ளே இந்த வரி. என்னை ஏமாற்றியது இதுதான். புழுதிக்கென்று சொல்லி விற்றுவிட்டு, புழுதியில் ஓட்டியதையே என் குற்றமாக்கினார்கள். பில்லில் ஃபில்டர் என்றுகூட எழுதாமல் "உதிரி பாகம்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதையும் நான் கவனித்து வாங்கவில்லை. என் பழைய ஏர் பாக்ஸைக் கேட்டேன். தூக்கிப் போட்டாகிவிட்டது என்றார்கள்.

பருத்தி ஃபில்டர் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அடிக்கடி பிரித்துக் கட்டும் பந்தய இன்ஜினுக்கு, தார்ச் சாலைக்கு, அது சரியாக இருக்கலாம். மோட்டோகிராஸ் பைக்குகளில் ஆயில் நனைத்த ஃபோம் ஃபில்டர்தான் போடுகிறார்கள், ஆனால் ஓட்டி முடித்த ஒவ்வொரு முறையும் கழுவுகிறார்கள். நீண்ட நாள் உழைக்க வேண்டிய டீசல் இன்ஜினைப் புழுதிக்குள் கொண்டுபோகிறவர்களுக்கு, கம்பெனி ஏர் பாக்ஸும் அதற்கென்றே அளவெடுத்துச் செய்த பேப்பர் ஃபில்டரும்தான் என் தேர்வு. புழுதி மிக அதிகம் என்றால் பாக்ஸுக்கு முன்னால், ஸ்நார்க்கலின் தலையில், சுழற்சி முறையில் தூசியைப் பிரிக்கும் ப்ரீ-கிளீனர் ஒன்றைச் சேர்க்கலாம். பேப்பர் நனைந்தால் மட்டும் விட்டுவைக்காதீர்கள், மடிப்பு அமுங்கிக் கிழியும். நீண்ட பயணத்துக்குப் புதிதாக ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. பேப்பர் ஃபில்டர் கொஞ்சம் அழுக்கானதும் இன்னும் நன்றாக வடிகட்டும். மேலே படியும் தூசியே இன்னொரு வடிகட்டியாகிவிடுகிறது. பார்க்க அழுக்காக இருக்கிறதே என்று தினமும் கழற்றித் தட்டுவதும், காற்றை ஓங்கி அடிப்பதும் அதைக் கெடுக்கும், தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஓரத்து ரப்பர் சரியாக உட்காராமல் போகும் வாய்ப்பும் இருக்கிறது. அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் வண்டியில் இருந்தால் அது சொல்லும்போது மாற்றுங்கள்.

என் நண்பர் ஒருவர் இதே ஃபில்டரை, நான் சொன்னேன் என்பதற்காகவே, அதே கடையில் வாங்கிப் போட்டிருந்தார். மெக்கானிக்கிடமிருந்து வெளியே வந்ததும் நான் முதலில் போன் செய்தது அவருக்குத்தான். அன்று இரவே டார்ச் வெளிச்சத்தில் குழாயைத் துடைத்துப் பார்த்துவிட்டுத் துணியைப் படம் எடுத்து அனுப்பினார். லேசான பழுப்பு. அவர் வண்டி இன்னும் ஆயில் குடிக்க ஆரம்பிக்கவில்லை. அவருடைய பழைய ஏர் பாக்ஸ் வீட்டுப் பரணில் இருந்தது, மறுநாள் காலையிலேயே இருவருமாகச் சேர்ந்து அதைத் திரும்ப மாட்டிவிட்டோம். உங்கள் வண்டியிலும் இப்படி ஒரு கூம்பு இருந்தால், இன்றைக்கே ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அந்தக் குழாயைத் துடைத்துப் பாருங்கள்.