மிதக்கலாம், முதுகுவலிக்காகப் போக வேண்டாம்

என்னிடம் வரும் நோயாளி ஒருவர் சில விநாடி எடையில்லாமல் மிதக்கவைக்கும் விமானப் பயணம் ஒன்றின் விளம்பரத் தாளை நீட்டி, "ட்ராக்‌ஷனுக்குப் பதிலா இதுல ஒரு தடவை போயிட்டு வந்துடட்டுமா சார்?" என்று கேட்டார். முதுகை இழுத்து நீட்டும் சிகிச்சைதான் ட்ராக்‌ஷன். 'முதுகுத்தண்டு நீளும், பழைய வலி விலகும்' என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். 23 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முதுகின் பெயரைச் சொல்லி யார் எதை விற்றாலும் எனக்குக் கை அரிக்கும். நானே பதிவு செய்துவிட்டேன்.

பயணிகள் விமானத்தில் பெரும்பாலான இருக்கைகளைக் கழற்றிவிட்டு, தரை, சுவர், கூரை எல்லாம் மெத்தை அடித்திருக்கிறார்கள். மூக்கைச் சுமார் 45 டிகிரி தூக்கி ஏறும் விமானம், எறிந்த கல்லைப் போல வளைந்து இறங்கும். அந்த வளைவில் 20 விநாடி சொச்சம் விமானமும் நாமும் ஒன்றாக விழுவதால்தான் மிதக்கிறோம். ஆனால் முன்விளக்கம் கொடுத்த பையன், "விண்வெளியில் ஈர்ப்பு விசையே கிடையாது" என்றான். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே தரையில் இருப்பதில் 90 சதவீத ஈர்ப்பு உண்டு. அங்கே இருப்பவர்களும் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறவர்கள் இதையாவது சரியாகச் சொல்லலாம்.

மொத்தம் 15 வளைவுகள். முதலில் செவ்வாயில் நமக்கு இருக்கும் எடைக்கு ஒன்று, நிலவில் இருக்கும் எடைக்கு இரண்டு. மீதி 12-ம் முழு எடையின்மை. கூட்டிப் பார்த்தால் மிதப்பது ஐந்து நிமிடம்கூட வராது.

மிதப்பதற்கு முன்னும் பின்னும் உடம்பு 1.8 மடங்கு கனக்கும். 68 கிலோ ஆளான நான் திடீரென்று 122 கிலோ. மல்லாந்து படுத்துக் கூரையில் ஒரு புள்ளியையே பார்க்கச் சொல்கிறார்கள். கன்னம் காதுப் பக்கமாக வழிந்து இறங்குவது தெரிகிறது. அப்புறம் சட்டென்று முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. புத்தி கெட்டுப்போய் நீச்சல் அடித்தேன். ஓர் அங்குலம் நகரவில்லை, பக்கத்தில் மிதந்தவரின் தாடையில் குதிகால் பட்டதுதான் மிச்சம். விரல் நுனியால் சுவரைத் தொட்டால் போதும் என்று புரிய நாலைந்து வளைவு ஆனது. உடம்பைத் தளரவிட்டதும் முழங்கால் தானாக மடிந்து கைகள் முன்னால் எழுந்தன. தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய நோயாளிகள் பயம் தெளிந்ததும் இப்படித்தான் ஆவார்கள். அந்த இருபது விநாடி, சொன்னால் நம்பமாட்டீர்கள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வளைவில் கனம் ஏறும் நேரம் பார்த்து, ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிவிட்டேன். உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள்தான் எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்பவை. அவை ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்ல, வயிறு தன் முடிவை எடுத்துவிட்டது. காலையில் கொடுத்த வாந்தித் தடுப்பு மாத்திரையை 'எனக்கெதற்கு' என்று திருப்பிக் கொடுத்தவன் நான். 1961-லேயே விண்வெளியில் சோவியத் வீரர் கெர்மன் டிட்டோவுக்குக் குமட்டியிருக்கிறது, நாசாவிடம் இருந்த பயிற்சி விமானத்துக்கே 'வாந்தி வால்மீன்' என்றுதான் பட்டப்பெயர். இதெல்லாம் பிறகு சொல்லிக்கொண்ட ஆறுதல். இரண்டாவது பை கேட்டுக் கை நீட்டியபோது ஊழியர் வேறொருவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இது மன்னிக்க முடியாத குறை.

சரி, முதுகுக்கு வருவோம். விண்வெளியில் முதுகுத்தண்டு நீள்வது உண்மைதான், விண்வெளி வீரர்கள் 5 சென்டிமீட்டர் வரைகூட உயர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த நீட்சியே வலியைக் கொண்டுவருகிறது. முதல் சில நாட்கள் பலர் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டுதான் சமாளிக்கிறார்கள். தண்டை ஒட்டித் தாங்கும் ஆழ்தசைகள் வேலையில்லாமல் மெலிகின்றன. திரும்பி வந்த பிறகு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கும் அபாயம் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையும் என்பதால்தான் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். இங்கேயோ 20 விநாடி தளர்ச்சி, உடனே 1.8 மடங்கு அழுத்தம். வட்டு பிதுங்கியவரை இதில் ஏற்றுவது வைத்தியமா?

டேப் கொண்டுபோயிருந்தேன். ஏறும் முன் 171.5 சென்டிமீட்டர், இறங்கிய பின் 171. ஒருநாள் பொழுது நின்று வேலை பார்த்தாலே யாருக்கும் அவ்வளவு குறையும்.

தாளில் அந்த வரியை அடித்துவிட்டு நோயாளியிடம் திருப்பிக் கொடுத்தேன். "அப்போ நீங்களும் இனிமே போகமாட்டீங்களா சார்?" என்றார்.

அடுத்த தேதிக்குப் பதிவு செய்தாகிவிட்டது. இந்த முறை மாத்திரையோடு.